கணக்கை கிளவுடுக்கு மாற்றப் போகிறவர்கள் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்களுக்குப் படகுச் சாமான் கடை. வலை, கயிறு, மிதப்பு, ஈயக்குண்டு, எஞ்சின் ஆயில், பெயின்ட் எல்லாம் விற்கிறோம். இந்தக் கரையில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வியாபாரத்தில் முக்கால்வாசி பற்றுதான், அதாவது கடன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள். அப்போது சாமான் போகும், பணம் வராது. தடை முடிந்து நல்ல மீன்பாடு கிடைத்தால்தான் பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும்.

அந்தப் பற்றுக் கணக்கு முழுவதும் 2017-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து டேலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில், கடைக் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. கடற்காற்றுக்கு இரண்டு மதர்போர்டு போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் பச்சையாகப் பூத்திருக்கும். அதனால்தான் 2024 மார்ச்சில் ராமநாதபுரத்தில் சாஃப்ட்வேர் விற்கிற ஒருவர் வந்து, எல்லாவற்றையும் கிளவுடுக்கு, அதாவது நெட் வழியாகத் திறக்கிற கம்பெனி சர்வருக்கு, மாற்றிவிடலாம் என்றபோது உடனே சரி என்றேன். மாற்றியது தப்பு என்று இப்போதும் நான் சொல்ல மாட்டேன். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யும் வேலையை அவரிடம் விட்டேன், அதுதான் கெடுத்தது.

“அண்ணே, பழசெல்லாம் எதுக்கு? குளோசிங் பேலன்ஸை, அதான் வருஷக் கடைசியில நிக்கிற பாக்கித் தொகையை மட்டும் ஏத்திட்டா ஏப்ரல் ஒண்ணுலேருந்து சுத்தமா ஓடும்” என்றார். பழைய கம்ப்யூட்டரை 3,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு அந்தத் தொகையை பில்லில் கழித்தார். எங்கள் பேக்கப்பும் அதே கம்ப்யூட்டரின் இன்னொரு டிரைவில்தான் இருந்தது. அது அவருக்கும் தெரியும். நான் காட்டியே கொடுத்தேன்.

ஜூலையில் பாம்பன் போட்டுக்காரர் ஒருவர் கணக்கு முடிக்க வந்தார். என் அப்பா காலத்திலிருந்து வாடிக்கை. அவர் பெயரைத் தட்டினால் திரையில் ஒரே வரி: பாக்கி 86,400. அவருக்கு இரண்டு போட், ஒன்றில் மருமகனுக்குப் பங்கு உண்டு. “எந்த போட்டுக்கு எவ்வளவு மாப்ளே?” என்று கேட்டார். தேதி இல்லை, பில் நம்பர் இல்லை, என்ன சாமான் என்றும் இல்லை. பில் கட்டை எடுத்தால், கவுன்டரில் தெர்மல் பேப்பரில் அடித்தவை பாதிக்கு மேல் வெளுத்து வெள்ளைத் தாளாகக் கிடந்தன. அவர் கோபப்படவில்லை. “நீ சொன்னா எனக்குப் போதும், மருமகன் கேப்பான்ல” என்றார். அன்றைக்கு 50,000 கொடுத்தார். மிச்சத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்படி 40 பேருக்கு மேல்.

சரக்குப் பட்டியலும் அதே கதி. எங்களிடம் 1,400 வகை இருந்தது, அவர் விற்ற திட்டத்தில் 500-தான் ஏற்ற முடியுமாம். அதை முன்னாலேயே சொல்லவில்லை. 6 எம்எம், 8 எம்எம், 12 எம்எம் எல்லாம் சேர்ந்து வெறும் ‘கயிறு’ ஆகிவிட்டது. வலையில் கண்ணி அளவே காணோம். கண்ணி அளவு தெரியாமல் வலை எடுத்துக் கொடுக்க முடியுமா?

அப்புறம் நவம்பரில் 2020-21-க்கான இன்புட் கிரெடிட் (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) பற்றி ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்தது. அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்குக் கடைசி நாள் 2022 பிப்ரவரி 28. அதிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதாவது 2028 பிப்ரவரி வரை. நல்லவேளை, எங்கள் ஆடிட்டர் 2022 மார்ச் வரைக்கும் ஒரு பேக்கப்பைத் தன் பென்டிரைவில் வைத்திருந்தார். அதனால் தப்பித்தோம். அதற்குப் பிந்தைய இரண்டு வருஷம் போனது போனதுதான்.

அதே மாதம் 20-ஆம் தேதி ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் கொட்டித் தீர்த்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். நெட் போனது, சாஃப்ட்வேர் திறக்கவே இல்லை. கையால் பில் எழுதினோம். நெட் இல்லாவிட்டாலும் ஓடுமா என்று வாங்கும்போது கேட்டிருந்தேன், ஓடும் என்றுதான் சொன்னார்.

புதுப்பிக்கும் நேரத்தில்தான் முழுதும் புரிந்தது. முதல் வருஷம் 12,000, இரண்டாம் வருஷம் 28,000. வெளியே வரலாம் என்றால், அட்மின் லாகின் அவர் மொபைல் நம்பரில் இருக்கிறது. ஓடிபி அவருக்குத்தான் போகிறது. எங்கள் கணக்கை எங்களுக்கு எக்செல்லில் கொடுக்க 15,000 கேட்டார். கொடுத்தேன். வந்தது வெறும் மொத்தத் தொகைகள் உள்ள பிடிஎஃப்.

இப்போது வேறு ஏற்பாட்டில் இருக்கிறேன், இதுவும் கிளவுடுதான். இந்த முறை முதலில் ஒரு தாளில் எழுதினேன். கையில் மிஞ்சிய வருஷங்களின் பற்று லெட்ஜர் பில் வாரியாக வேண்டும். கொள்முதல் பில்களை ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். சரக்குப் பட்டியல் அளவோடு வர வேண்டும். தீர்ந்துபோன பழைய வாடிக்கையாளர் பெயர்களையும் ஓடாத சரக்கையும் புதியதில் ஏற்றவில்லை, ஆனால் ஆடிட்டரிடம் கிடைத்த பழைய டேட்டாவில் அப்படியே விட்டிருக்கிறேன். டேலி வைத்திருப்பவர்கள் டேட்டா ஃபோல்டரை முழுதாக இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று வருஷத்துக்கு முந்தைய பில் ஒன்றைத் தேடிப் பாருங்கள். டேலி டேட்டாவைப் பூட்டி வைக்கும் வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதையும் எழுதி வையுங்கள், மறந்தால் யாராலும் திறக்க முடியாது. அட்மின் லாகின் உங்கள் நம்பரில் வரும்வரை முழுப் பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை மூன்று முறை கேட்டேன். ஃபார்மட் செய்து விற்றாகிவிட்டது என்கிறார். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை பக்கம் யாராவது இப்போது மாற்றும் பேச்சில் இருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் கடைக்கு ஒருமுறை வாருங்கள். அந்தத் தாள் கல்லாப்பெட்டியில்தான் இருக்கிறது, நகல் எடுத்துக்கொள்ளலாம்.