தட்டில் சோறா, கையில் காசா?

தமிழ்நாட்டு அரசியலை மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊரின் ஒட்டுக்கடையில், அதாவது சாலையோரச் சாப்பாட்டுக் கடையில், அலசாத நாளில்லை. 2023 செப்டம்பரில் அங்கே குடும்பத் தலைவிகளுக்கு அரசு மாதந்தோறும் பணம் தரும் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, “பள்ளியில் சோறு போடும் செலவையும் தாயின் கையிலேயே கொடுத்துவிடலாமே” என்றார் ஒரு பெரியவர். அதற்கு அன்று சரியாகப் பதில் சொல்லாதது இன்னும் உறுத்துகிறது.

அரிசியாகக் கொடுக்கும் வழியை முதலில் முடித்துவிடுகிறேன். 1995-இல் இந்திய நடுவணரசு பள்ளி உணவுத் திட்டம் கொண்டுவந்தபோது, பல மாநிலங்கள் மாதம் 3 கிலோ தானியத்தை அளந்து கொடுத்ததோடு சரி. அது வீட்டுப் பானையில் கலந்தது. பிள்ளை வகுப்பில் பசியோடுதான் இருந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம், சமைத்த உணவே தரவேண்டும் என்று உத்தரவிட்டது. 1956-இல் காமராசரும் 1982-இல் எம்.ஜி.ஆரும் போட்ட பாதை அது.

காசை நான் குறைத்துப் பேசமாட்டேன். சம்பள நாளில் தாத்தா கள்ளுக்கடைப் பக்கம் திரும்புவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்று, என் பாட்டி ரப்பர்த் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலிலேயே நிற்பார். பெண்ணின் கணக்கிலேயே மாதம் 1,000 ரூபாய் விழுவது எத்தனை பெரிய விடுதலை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அதற்கு மனு, வருமான வரம்பு, சரிபார்ப்பு எல்லாம் உண்டு. விலைவாசி ஏறினால் ஆயிரம் தானாக ஏறாது. இங்கே மலேசியாவில் மைகார்டு என்ற அடையாள அட்டையில் வரும் சாரா உதவியையே, அதாவது அத்தியாவசியப் பொருள் வாங்க அரசு தரும் தொகையையே பாருங்கள்: பதிவு பெற்ற கடையில்தான் செல்லும். எங்கள் தோட்டத்து ஓரக் கடையில் அந்த வசதி இல்லை. பெரியம்மா அரிசி வாங்க டவுனுக்கு பஸ் ஏறுகிறார்.

பள்ளித் தட்டு மனுக் கேட்பதில்லை. வந்து உட்கார்ந்த பிள்ளைக்குச் சோறு.

அந்த உட்கார்தல்தான் எனக்கு முக்கியம். 2018-இல் திருப்பூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில், தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் மறித்தார்கள். அவரை இடம் மாற்றினார்கள்; எதிர்ப்புக் கிளம்பியதும் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். சத்துணவின் தோல்விக்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. காசு தனித்தனி வீட்டுக்குப் போகும். யார் சமைத்தது, யார் பக்கத்தில் யார் என்ற கேள்வியே எழாது, சாதி சுகமாக வீட்டுக்குள் கிடக்கும். சோற்றுப் பந்தியில் அது வெளியே வந்தே ஆகவேண்டும். வந்தால்தான் அரசும் ஊரும் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

எங்கள் தோட்டத்திலும் சாதி பார்த்தவர்கள் இருந்தார்கள். அம்மாக்கள் விடியுமுன் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்கப் போவார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் நெளிந்த அலுமினியத் தட்டுகளில் கஞ்சி ஊற்றுவார் ஆயா. எந்தத் தட்டு யாருடையது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.