24 வகுப்புகளுக்கு முன்பணம் கட்டி, ஐந்தோடு நின்றுபோன கதை

வேளச்சேரிப் பக்கம் உள்ள ஒரு குழந்தைகள் விளையாட்டு மையத்தில் எங்கள் பத்து மாத மகனுக்காக 18,000 ரூபாய் கட்டி ஏமாந்தோம். விவகாரம் இன்னும் முடியாததால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். கைக்குழந்தைக்கு இதுபோன்ற இடம் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். மகன் தவழத் தொடங்கியதும் எங்கள் ஹாலில் டீபாய்க்கும் டிவி ஸ்டாண்டுக்கும் இடையில் அவனுக்கு மிஞ்சியது பாய் விரிக்கும் அளவு இடம்தான். தன் நான்கு பிள்ளைகளும் திண்ணையில் தவழ்ந்தே வளர்ந்தார்கள் என்று அத்தை (என் மாமியார்) சொன்னார். உண்மைதான், ஆனால் அடுக்குமாடி வீட்டில் திண்ணைக்கு எங்கே போவது?

ஒரு புதன்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, காலை 11 மணிக்கு டெமோ வகுப்புக்குப் போனோம். ஏசி அறை, கண்ணைப் பறிக்கும் நிறத்தில் மெத்தை விரிப்புகள், பந்துத் தொட்டி, பிடித்து எழுந்து நிற்கச் சிறிய மரப்படிகள். எங்களைத் தவிர இரண்டே குழந்தைகள் இருந்தார்கள். உதவிக்கு நின்ற பெண் தரையில் உட்கார்ந்து என் மகனோடு பந்து உருட்டினார். வயதுவாரியாகத் தனித்தனி நேரம் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். "இன்னைக்கே கட்டினா 24 செஷன் 18,000 மேடம், நாளைக்கு 24,000 ஆயிடும்" என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். பணம் திரும்பக் கிடைக்குமா என்று வாட்ஸ்அப்பில் கேட்ட என் கணவருக்கு, "யெஸ் சார்" என்ற இரண்டு சொற்களும் ஒரு கட்டைவிரல் படமும் பதிலாக வந்தன. ஜிபேயில் பணம் அனுப்பும்போது திரையில் தோன்றியது மையத்தின் பெயரல்ல, யாரோ ஒரு தனிநபரின் பெயர். ரசீது என்று வந்த படத்திலும் ஜிஎஸ்டி எண் இல்லை. இரண்டையும் நான் கவனித்தேன். கவனித்தும் வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் எங்களுக்கு வாய்த்தது சனிக்கிழமை மாலை மட்டுமே. முதல் சனிக்கிழமை ஐந்தரை மணிக்குப் போனபோது, வாசலிலேயே செருப்புகள் மூன்று அடுக்காகக் கிடந்தன. உள்ளே ஒரு பிறந்தநாள் விழா. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து பந்துத் தொட்டிக்குள் குதித்துக்கொண்டிருக்க, அதே தொட்டியின் ஓரத்தில்தான் கைக்குழந்தைகளை உட்கார வைத்திருந்தார்கள். புதன்கிழமை பந்து உருட்டிய அதே பெண் ஒருவர்தான் அத்தனை பிள்ளைகளுக்கும் பொறுப்பு. கேக் துண்டுகளைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் வேலையும் அவருக்கே. வயதுவாரியான நேரம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது வார நாள் காலைகளுக்கு மட்டும்தானாம். நாங்கள் ஒருபோதும் வர முடியாத நேரத்தில் மையத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டியிருந்தோம். நீங்கள் குழந்தையை எந்த நாள், எந்த மணிக்கு அழைத்துப் போகப் போகிறீர்களோ, அந்த நாளில் அந்த மணிக்கே போய்ப் பாருங்கள். வேறு நேரத்துக்குத்தான் டெமோ தருவோம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

நான்காவது முறை அத்தையும் உடன் வந்தார். மகன் எதையோ மென்றுகொண்டிருப்பதை முதலில் பார்த்தவர் அவர்தான். வாய்க்குள் விரலைவிட்டு அவர் எடுத்தது, மெத்தை விரிப்பின் பல்போன்ற விளிம்பிலிருந்து பிய்ந்துவந்த, புளியங்கொட்டை அளவு நுரைத்துண்டு. அந்த விரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஈரம், மூலையில் கறுப்பாகப் பூஞ்சை, நசுங்கிய பிஸ்கட், முடி, இவற்றோடு ஒரு தோட்டின் திருகாணி. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறிய உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடும் என்பது கணக்கு. திருகாணிக்கு உருளையே தேவையில்லை. அதை எடுத்துக் கவுன்ட்டரில் வைத்தேன். யாருடையது என்று விசாரித்துத் தருவதாகச் சொன்னார்கள்!

ஐந்தாவது வகுப்பு முடிந்த நான்காம் நாள் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் உள்ளங்கையிலும் பாதத்திலும் கொப்புளங்கள், நாக்கில் புண். பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பி அழுதான். கை-கால்-வாய் நோய் என்றார் மருத்துவர். அது அந்த மையத்திலிருந்துதான் தொற்றியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், லிஃப்ட்டிலும் தொற்றியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் அவர்கள் சொன்ன பதில்களைக் கேட்டபின் எனக்குச் சந்தேகம் குறையவில்லை. வாசலில் எல்லாருக்கும் சானிடைசர் அடிக்கிறோம் என்றார்கள். இந்த நோயைத் தரும் என்டிரோவைரஸ்கள் ஆல்கஹால் சானிடைசருக்கு எளிதில் அடங்குவதில்லை. கையைச் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், பொருள்களை முதலில் கழுவிவிட்டு நீர்த்த பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும். குணமான குழந்தையின் மலத்தில்கூட இவை சில வாரங்கள் வரை வெளியேறும் என்பதால், டயப்பர் கட்டிய குழந்தைகள் கூடும் இடத்தில் இந்தச் சுத்தம் கட்டாயம். பந்துகளை எப்போது கழுவுவீர்கள் என்று கேட்டதற்கு, மாதம் ஒரு முறை என்று பதில் வந்தது. கூடவே, "அது ஆன்டி-பாக்டீரியல் பந்து மேடம்" என்ற விளக்கமும். வைரஸுக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கு விளக்கும் தெம்பு அன்று எனக்கில்லை.

மீதமிருந்த 19 வகுப்புகளுக்கு, வகுப்புக்கு 750 வீதம் 14,250 ரூபாயைத் திருப்பிக் கேட்டோம். கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்ற விதிமுறைத் தாளை அப்போதுதான் முதன்முறையாக அனுப்பினார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் பதிந்தோம். முறையான பில் தராததும், குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை உரிய காலத்துக்குள் திருப்பித் தர மறுப்பதும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகச் செயல்கள் என்றே சொல்லப்பட்டிருக்கின்றன. இரண்டு வாரம் கழித்து மையத்திலிருந்து அழைத்து, 6,000 ரூபாய் தருவதாகவும், அதற்குக் கூகுளில் நான் எழுதிய கருத்தை நீக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மறுத்துவிட்டோம்.

இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இதற்குக் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியே பதிவேற்றவும் முடியும். எங்களிடம் இருந்த சான்றுகள் ஜிபே பதிவு, நுரைத்துண்டையும் விரிப்பின் அடியையும் எடுத்த படங்கள், மருத்துவரின் சீட்டு, அப்புறம் அந்த "யெஸ் சார்" செய்தி. கவுன்ட்டரில் வாயால் சொன்ன வாக்குறுதிகளில் ஒன்றைக்கூட எங்களால் காட்ட முடியவில்லை. அன்று என் கணவர் அந்த ஒரு வரியை வாட்ஸ்அப்பில் கேட்காமல் நேரில் கேட்டிருந்தால், புகாரோடு இணைக்க எங்களிடம் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது. விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை.