டிவி ரிப்பேர் கடையோட அட்டைப்பெட்டி: ஒரு டீச்சர் போடற ரிவியூ (5க்கு 4)

திண்டிவனம் பக்கம் ஒரு கவர்மெண்ட் ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கறேன். எட்டாவது ஒன்பதாவது பசங்க 12 பேர சேத்து சனிக்கிழமை மதியம் எலக்ட்ரானிக்ஸ் கிளப்னு ஒண்ணு ஓட்டிட்டு இருக்கேன், அதுக்குன்னு தனியா ஃபண்டு கிண்டெல்லாம் கிடையாது, முதல் ஆறு மாசம் என் கைக்காசுலதான் ஓடுச்சு, அப்புறம் வீட்டுக்காரர் ஒருநாள் கிரெடிட் கார்டு பில்ல எடுத்து டேபிள்ல வச்சிட்டு ஒண்ணும் பேசாம போனாரு. அதுக்கு மேல இலவசமா எங்க பார்ட்ஸ் கிடைக்கும்னு தேட ஆரம்பிச்சு, கடைசியா வந்து நின்ன இடம்தான் பஸ் ஸ்டாண்ட் பின்னாடி இருக்கற ஒரு டிவி ரிப்பேர் கடை. ஒன்றரை வருஷமா போயிட்டு வரேன், அதனால ரிவியூ போடற தகுதி இருக்குன்னு நெனைக்கிறேன்.

கடைன்னா பெருசா ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க. பத்துக்கு எட்டு இருக்கும், உள்ள நிக்க இடம் இருக்காது. 2006ல எலெக்ஷன் முடிஞ்சு கவர்மெண்ட் குடுக்க ஆரம்பிச்சாங்களே 14 இன்ச் கலர் டிவி, அது வரிசையா முதுகைக் காட்டிட்டு அடுக்கியிருக்கும், ரிப்பேருக்கு குடுத்துட்டு நடுவுல எல்இடி டிவி வாங்கிட்டு இந்தப் பக்கமே வராதவங்களோடது. மேஜைக்கு அடியில ஒரு பெரிய அட்டைப்பெட்டி, அதுக்குள்ள செத்துப்போன சர்க்யூட் போர்டுங்க. முதல் நாள் கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டேன், "அண்ணே, இதெல்லாம் என்ன பண்ணுவீங்க?" "காயலான் கடையில கிலோ கணக்குல போடுவேன் டீச்சர், டீ காசு வரும். பசங்களுக்குன்னா அள்ளிட்டுப் போங்க, ஆனா காப்பர் இருக்கறதுல மட்டும் கை வைக்காதீங்க"ன்னாரு. டிரான்ஸ்ஃபார்மர், பிக்சர் டியூப் கழுத்துல இருக்கற காயில், இதெல்லாம் அவரு தனியா ஒரு சாக்குல போட்டு வச்சிருக்காரு. நியாயம்தானே, அது அவரு பொழப்பு.

சரி, பெட்டியில என்ன தேறும்? ஒரு பழைய டிவி போர்டை எடுத்தா முன்பக்கத்துல சேனல் மாத்தற சின்ன புஷ் பட்டன் அஞ்சாறு, ஒரு எல்இடி, அதுக்குப் பக்கத்துல ரிமோட் சிக்னலை வாங்கற மூணு கால் வச்ச ஐஆர் ரிசீவர். இந்த ரிசீவர்தான் என்னைப் பொறுத்தவரை லாட்டரி, பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸ் டைப்தான் இருக்கும், வீட்டு ரிமோட்டை அமுக்குனா லைட் எரியற மாதிரி ஒரு ப்ராஜெக்ட் பண்ணிடலாம். அப்புறம் ஸ்பீக்கர், பார்ட்டோட சூட்டை இழுத்து வெளிய விடற நல்ல கனமான அலுமினிய ஹீட்சிங்க். செத்துப்போன யுபிஎஸ்ல பசர் கிடைக்கும், எங்க தண்ணி டேங்க் அலாரம் ப்ராஜெக்டுக்கு பசர் எல்லாமே அங்கேர்ந்து வந்ததுதான். டிவிடி டிரைவ் கிடைச்சா விடாதீங்க, டிரேயை வெளிய தள்ற மோட்டார் பெல்ட்டோடயும் பல்சக்கரத்தோடயும் அப்படியே வரும், ரெண்டு பென்சில் பேட்டரியில சுத்தும். அதுல இருக்கற லேசரை மட்டும் நான் வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா கழட்டி நசுக்கிடுவேன், சிடி எழுதற டிரைவ்ல வர லேசர் கண்ணைக் காலி பண்ணிடும்.

இப்ப முக்கியமான விஷயம். இலவசம்னு சொன்னாலும் போர்டுலேர்ந்து கழட்டணுமே. எங்கிட்ட இருக்கறது ஒரு 25 வாட் சோல்ட்ரான் கம்பெனி சோல்டரிங் அயர்னும், ஈயம் (பார்ட்டை போர்டுல ஒட்டற சோல்டரத்தான் ஈயம்னு சொல்லுவோம்) உறிஞ்சற ஒரு பம்பும்தான். முதல் வாரம் ஒரு பட்டனை எடுக்க பசங்க இருபது நிமிஷம் போராடி, காப்பர் தடமே உரிஞ்சு வந்துடுச்சு. அந்த போர்டை அப்படியே கொண்டுபோய் அண்ணன்கிட்ட காட்டினேன், பாத்துட்டு சிரிச்சிட்டு, பழைய ஈயம் மேல புது ஈயத்தைக் கொஞ்சம் வச்சாரு. "எடுக்கத்தானே போறோம், எதுக்கு அண்ணே இன்னும் வைக்கறீங்க?"ன்னு கேட்டா, "காஞ்ச ஈயம் சூடு புடிக்காது டீச்சர், பச்சை ஈயம் போட்டாதான் கூட சேந்து உருகும்"னாரு. போட்டு ரெண்டு எண்றதுக்குள்ள பளபளன்னு குளம் மாதிரி ஆச்சு, பம்பை வச்சு ஒரு டிக், ஓட்டை சுத்தமாயிடுச்சு. அப்புறம் யோசிச்சுப் பாத்தா காரணமும் புரிஞ்சுது, புது போர்டுங்கள்ல காரீயம் இல்லாத ஈயம் வரும், அது உருக 217 டிகிரி வேணும், நம்ம 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) 183லயே உருகிடும், ரெண்டையும் கலந்தா உருகற சூடு கீழ எறங்கும். பாடபுத்தகத்துல உலோகக்கலவைன்னு ஒரு பாராவுல முடிச்சிட்டுப் போறது இங்க கண்ணு முன்னாடி நடக்குது. (காரீயம்ங்கறதால முடிச்சதும் எல்லாரும் சோப்பு போட்டு கை கழுவணும், இல்லன்னா பிஸ்கட் கிடையாது.)

எதை எடுக்கவே கூடாதுன்னும் சொல்லிடறேன். ரெசிஸ்டரை கழட்டாதீங்க, கடையில ஒண்ணு ஒரு ரூபா கூட வராது, கால் குட்டையா வெட்டி இருக்கும், சோல்டர் பண்ணாம கால குத்தியே சர்க்யூட் கட்டற பிரெட்போர்டுல நிக்காது. சார்ஜை சேத்து வைக்கற உருளை மாதிரி பார்ட், பழைய எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர், அதுவும் வேண்டாம், தலை உப்பியிருந்தா கண்டிப்பா குப்பைதான், உப்பாம இருந்தாலும் உள்ள காஞ்சு போயிருக்கும். போர்டு மேலயே ஒட்டியிருக்கற கடுகு சைஸ் எஸ்எம்டி பார்ட்ஸ் பக்கம் போனா பசங்க கண்ணுதான் வலிக்கும்.

நான் பட்ட அடி ஒண்ணு இருக்கு. ஹீட்சிங்க்ல மாட்டியிருக்கற மூணு கால் கறுப்புத் துண்டு எல்லாமே பாக்க ஒரே மாதிரி இருக்கும், வோல்ட்டேஜை ஒரே அளவுல நிறுத்தற ரெகுலேட்டரா, இல்ல டிரான்சிஸ்டரா, மாஸ்ஃபெட்டான்னு மேல இருக்கற எழுத்தைப் படிச்சாதான் தெரியும். எங்க பையன் ஒருத்தன் எழுத்து பாதி அழிஞ்சிருந்த ஒண்ணை அஞ்சு வோல்ட் குடுக்கற 7805 ரெகுலேட்டர்னு நெனச்சு மாட்டிட்டான், நானும் சரி பாக்கல, அது பன்னெண்டு வோல்ட் குடுக்கற 7812. அஞ்சு வோல்ட் வரவேண்டிய இடத்துல பன்னெண்டு வோல்ட் வந்து என் காசுல வாங்குன ஆர்டுயினோ போர்டும் (ப்ரோக்ராம் எழுதி ஓட்டற குட்டி கம்ப்யூட்டர் மாதிரி) குட்டி சர்வோ மோட்டாரும் ஒண்ணா போச்சு. சும்மா வந்த ரெகுலேட்டர் எனக்கு வச்ச பில்லு அது. அன்னைலேர்ந்து எங்க கிளப்ல எந்த பார்ட்டும் மல்டிமீட்டர் வச்சுப் பாக்காம சர்க்யூட்டுக்குள்ள போகாது, வோல்ட்டேஜை எழுதி ஒட்டின தீப்பெட்டிலதான் எல்லாத்தையும் போட்டு வைக்கிறோம்.

பயமுறுத்தறதுக்காக சொல்லல, ஆனா சுவத்து ப்ளக் பாயிண்ட்ல வர மெயின்ஸ் கரண்ட்ல ஓடற எதையும் பசங்க கையில முழுசா குடுக்காதீங்க. 230 வோல்ட் ஏசிய டிசியா மாத்தினா 325 கிட்ட வந்து நிக்கும், ப்ளக்கைப் பிடுங்கினாலும் பெரிய கெபாசிட்டர்ல அது தங்கும். அண்ணன் ஒவ்வொரு போர்டையும் குடுக்கறதுக்கு முன்னாடி ஹோல்டர்ல மாட்டின குண்டு பல்போட ரெண்டு வயரையும் அந்த கெபாசிட்டர் கால்ல வச்சுப் பாப்பாரு, சில நேரம் பல்பு மின்னிட்டு அணையும், அதைப் பாத்த நாள்லேர்ந்து பசங்க தானா தள்ளி நிக்கறாங்க. பிக்சர் டியூபும் மைக்ரோவேவும் வேணவே வேணாம், சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க. சிஎஃப்எல் பல்புல அடியில இருக்கற குட்டி போர்டுல நாலு 4007 டயோடும் ரெண்டு 13003 மாதிரி டிரான்சிஸ்டரும் கிடைக்கும்தான், ஆனா மேல இருக்கற கண்ணாடிக்குள்ள பாதரசம் இருக்கு, உடைஞ்சா வம்பு, நான் விட்டுட்டேன். ப்ராஜெக்டுக்கு கரண்ட் வேணும்னா எல்லார் வீட்டு டிராயர்லயும் ஒரு பழைய போன் சார்ஜர் கிடக்கும், அஞ்சு வோல்ட், அது போதும்.

மத்த வழியும் முயற்சி பண்ணாம இல்ல. பெரிய சிப் கம்பெனிங்க ஃப்ரீ சாம்பிள் அனுப்புவாங்கன்னு கேள்விப்பட்டு ஒண்ணுல ஃபார்ம் போட்டேன், காலேஜ் இல்லன்னா கம்பெனி மெயில் ஐடி கேட்டுச்சு, ஜிமெயில் வச்சிருக்கற ஸ்கூல் டீச்சர எவன் மதிக்கிறான். அடல் டிங்கரிங் லேப்னு பசங்க தானே செஞ்சு பாக்கற லேப் இருக்கற ஸ்கூலுக்கு 20 லட்சம் வரைக்கும் மத்திய அரசு குடுக்குது, அது கிடைச்சவங்க இதைப் படிக்கவே தேவையில்ல, எங்களுக்குக் கிடைக்கல. எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறஞ்ச சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் சொர்க்கம்தான், அங்க எதுவும் சும்மா இல்லன்னாலும் சில்லறை விலையே கம்மி, ஆனா எனக்கு லீவு ஞாயித்துக்கிழமை, அன்னைக்கு அங்க முக்காவாசி ஷட்டர் மூடியிருக்கும். ஒரு தடவ லீவு போட்டுட்டு போய் ஒரு கடையில பத்து டிரான்சிஸ்டர் கேட்டேன், பாக்கெட்டா வாங்கினா குடுக்கறேன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, கடை எப்ப திறந்திருக்கும்னு கடவுளுக்கே தெரியாது, மதியம் சாப்பிடப் போனாருன்னா அஞ்சு மணி கூட ஆகும், போனும் எடுக்கமாட்டாரு. பெட்டியில என்ன இருக்கும்னும் சொல்ல முடியாது, ஒரு மாசம் மோட்டாரா கொட்டும், அடுத்த ரெண்டு மாசம் வெறும் செட்டாப் பாக்ஸ் மூடிதான். போகும்போது ரெண்டு வடையும் ஒரு பழைய பெயிண்ட் பக்கெட்டும் எடுத்துட்டுப் போங்க, வடை அவருக்கு, பக்கெட் போர்டுக்கு, துணிப்பைன்னா அந்த கால் எல்லாம் குத்தி கிழிச்சிடும்.

கடை பேரு மட்டும் கேக்காதீங்க, சொல்லமாட்டேன். போன வாரம் நான் போறதுக்குள்ள வேற ஸ்கூல் சார் ஒருத்தர் வந்து பெட்டியோட தூக்கிட்டுப் போயிட்டாராம்.