சிக்காகோ: ஆற்றில் செலவழியுங்கள், கோபுரத்தில் மிச்சம்பிடியுங்கள்

கிளிநொச்சியிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோர் இப்போது பெருகிவிட்டார்கள். கனடா, லண்டன் என்றால் சொல்லித்தர ஊரில் நாலு பேர் இருக்கிறார்கள். சிக்காகோ என்றால் அப்படி ஆள் இல்லை. ஆடி மாத வெயிலில் மகளின் குடும்பத்தோடு அந்த நகரைச் சுற்றிய பிறகு, எதற்குக் காசு கொடுக்கலாம், எதைச் சும்மா பார்க்கலாம், எதை வாயில் வைக்கலாம் என்று என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆகவே தண்ணீர்ப் பக்கம் கொஞ்சம் சாய்ந்துதான் எழுதுவேன்.

கட்டுநாயக்காவிலிருந்து நேர் விமானம் இல்லை. டோகாவிலோ டுபாயிலோ மாறவேண்டும். ஓஹெயர் விமான நிலையத்துக்குள்ளேயே நீலப் பாதை ரயில் நிற்கிறது. இரவு பகல் பாராமல் ஓடி நகர நடுவில் இறக்கிவிடும். நகர நடுவில் வேறு சில பாதைகளின் ரயில்கள் இரும்புத் தூண்களின் மேல், இரண்டாம் மாடி யன்னல்களுக்குப் பக்கத்தால் ஒரு வட்டம் அடிக்கின்றன. சத்தம் காதை அடைக்கும். அந்த வட்டத்தை ஒருமுறை இருந்து பார்த்துவிடுங்கள். அந்த ஊரில் அதைவிட மலிவான சுற்றுலா கிடையாது.

முதலிடம் ஆற்றுப் படகுக்கு. தொண்ணூறு நிமிடப் பயணம், ஒருவருக்கு ஐம்பது டொலர் அளவில் வரும். என் மனைவி அதை ரூபாவாக்கி, ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு மூடை நெல்லின் காசு என்று அறிவித்துவிட்டுத்தான் ஏறினார். இறங்கும்போது நெல்லைப் பற்றிப் பேசவில்லை. படகுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ஆற்றுக்குள்ளேயே போய்வந்து கட்டடங்களின் கதை சொல்லும். மற்றது ஆற்றையும் பார்த்துக்கொண்டு, நீர்க்கதவு திறந்து மிச்சிகன் ஏரிக்குள்ளும் போகும். ஊர் உலகம் முதலாவதைத்தான் புகழ்கிறது. குளத்தையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்தவர்கள் இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். சிக்காகோ ஆறு ஒருகாலத்தில் ஏரியை நோக்கி ஓடியது. நகரத்தின் கழிவும் இறைச்சித் தொழிற்சாலைகளின் கழிவும் அதே ஆற்றில் விழுந்து ஏரிக்குப் போயின. குடிதண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான் வந்தது. வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் சனத்தை வாட்டின. அதற்கு அவர்கள் கண்ட வழி, ஆற்றையே திருப்பிவிடுவது. ஏறத்தாழ 45 கிலோமீற்றர் நீளத்துக்கு மேட்டை வெட்டிக் கால்வாய் அமைத்து, 1900ஆம் ஆண்டு தைமாதம் திறந்தார்கள். அன்றிலிருந்து ஏரித் தண்ணீர் ஆற்றுக்குள் வருகிறது. ஆறு ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிசிசிப்பிப் பக்கம் ஓடுகிறது. கழிவு தங்கள் பக்கம் வருகிறது என்று கீழே இருந்த மிசூரி மாநிலம் வழக்குப் போட்டது. 1906இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளிவிட்டது. வாய்க்காலின் தலைமாட்டுக் காணிக்காரனும் கடைமாட்டுக் காணிக்காரனும் எந்த நாட்டிலும் ஒரே ஆட்கள்தான். இன்று ஏரியிலிருந்து சராசரியாக நொடிக்கு 3,200 கனவடிக்கு மேல் எடுக்கக்கூடாது என்று நீதிமன்றக் கட்டளையே இருக்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்று கூட்டங்களில் தொண்டை வறளப் பேசியவர்களுக்கு இந்த எண்ணின் அருமை விளங்கும்.

ஆறும் ஏரியும் சந்திக்கும் இடத்தில் 1938இல் முடித்த நீர்க்கதவு இருக்கிறது. படகு உள்ளே போனதும் பின்கதவு மூடுகிறது. பெரிய குழாயோ பம்போ இல்லை. ஏரிப்பக்கத்து இரட்டைக் கதவை ஒரு சாண் அளவில் மெல்ல விலக்குகிறார்கள். அந்த இடுக்கால் ஏரித் தண்ணீர் நுரைத்துக்கொண்டு உள்ளே வருகிறது. பக்கச் சுவரில் பாசி பிடித்த ஈரக்கோடு ஒன்று இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு தண்ணீருக்குள் போய் மறைந்த பிறகு கதவு முழுதாகத் திறந்தது. உயர வித்தியாசம் சில அடிதான். படகில் இருந்த மற்றவர்கள் அந்த நேரத்தில் சோடா வாங்கப் போய்விட்டார்கள். பேரன் மட்டும் பக்கத்தில் நின்று, அம்மப்பா, கதவு உடைந்தால் என்ன ஆகும் என்று கேட்டான். நல்ல கேள்வி. வான் கதவுக்குப் பக்கத்தில் வேலை செய்தவன் எவனும் அதை ஒருநாளாவது கேட்டிருப்பான்.

கதவு தாண்டினால் ஏரி. கரை தெரியாது, உப்பும் கிடையாது. பரப்பு ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீற்றர். இலங்கை 65,610. வட மாகாணத்தை மட்டும் வெளியே விட்டுவிட்டால் மிச்ச இலங்கை முழுவதும் உள்ளே அடங்கும். கணக்கைத்தான் சொன்னேன், வேறு அர்த்தம் எடுக்கவேண்டாம்.

கட்டடங்களைப் பற்றி விளக்கம் சொன்ன பெண் வேகமாகப் பேசினார், பாதி பிடிபடவில்லை. இரண்டு மனதில் நின்றன. ஒன்று, ஆற்றங்கரையில் சோளப்பொத்தி என்று ஊரார் பெயர் வைத்திருக்கும் இரட்டைக் கோபுரம். 1960களில் கட்டியது. கீழ் மாடிகள் முழுவதும் கார் தரிப்பிடம். சுவரில்லாத அந்த மாடிகளின் விளிம்பில் கார்கள் ஆற்றைப் பார்த்தபடி நிற்கின்றன. மற்றது முன்னர் சியர்ஸ் என்றும் இப்போது வில்லிஸ் என்றும் அழைக்கப்படும் 110 மாடிக் கோபுரம். அதன் கட்டமைப்பை வகுத்த பொறியியலாளர் ஃபஸ்லூர் ரஹ்மான் கான் டாக்காவில் பிறந்தவர். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றோடொன்று கட்டி நிறுத்தினால் காற்றைத் தாங்கி நிற்கும் என்பது அவருடைய யோசனை. நமது பக்கத்து ஆள் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமிதம்.

ஆனாலும் அந்தக் கோபுரத்தில் ஏறுவதற்கு என் கணக்கில் கடைசி இடம்தான். 103ஆம் மாடியில், 412 மீற்றர் உயரத்தில், வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று காலடியில் தெருவைப் பார்க்கலாம். மகளும் மருமகனும் போனார்கள், படம் எடுத்தார்கள், மகிழ்ந்தார்கள். இளம் ஆட்களுக்குச் சரி. முகில் இறங்கிய நாளென்றால் வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். ஊரில் கேட்பார்கள் என்பதற்காக ஏறவேண்டாம். கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பதற்குக் காசில்லை.

காசில்லாமல் பார்க்க அந்த ஊரில் நிறைய இருக்கிறது. 2004இல் திறந்த மில்லேனியம் பூங்காவில் அனிஷ் கபூர் செய்த உருக்குச் சிற்பம், பக்கத்தில் பெரிய முகங்களின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் இடம், கோடை இரவுகளில் இலவசக் கச்சேரி. லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலைக்கும் கட்டணம் இல்லை. பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் இவற்றிலேயே இரண்டு மூன்று நாள் கழிக்கலாம். மாற்றுடுப்பு கொண்டுபோங்கள், அந்த நீர்முகங்களுக்கு முன்னால் நனையாமல் திரும்பிய பிள்ளையை நான் காணவில்லை.

பூங்காவுக்குப் பக்கத்தில் ஓவியக் காட்சியகம். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள். இங்கேதான் 1893 செப்டெம்பர் 11ஆம் திகதி சுவாமி விவேகானந்தர் சர்வமத மகாநாட்டில் பேசினார். முன்னால் ஓடும் மிச்சிகன் அவெனியூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயரையும் இட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் பலருக்குத் தெரியாத மறுபாதி ஒன்றுண்டு. 1897இல் கொழும்பில் வந்திறங்கிய அவர் கண்டி, அநுராதபுரம் கடந்து குதிரை வண்டியில் யாழ்ப்பாணம் போனார். வழியில் வவுனியாவில் சனம் வரவேற்புப் பத்திரம் வாசித்தது. மறுநாள் விடியற்காலை ஆனையிறவில் வரவேற்றார்கள். ஆக, சிக்காகோவில் பேசிய மனிதர் வன்னிக் காட்டுக்குள்ளாலும் வந்துபோயிருக்கிறார். பேரனுக்கு இதைச் சொன்னேன். அவன் சிங்கத்தின் வாலைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போகிறவர்கள் நாகப்பட்டினத்துக் கருங்கல் புத்தரைத் தேடிப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டுச் சிற்பி செதுக்கியது. தமிழர்களுக்கும் புத்தருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்களுக்குக் காட்டவேண்டிய சிலை.

இனிச் சாப்பாடு. அந்த ஊர் ஆட்கள் பெருமையடிக்கும் ஆழப் பீட்சாவில் தொடங்குகிறேன். 1943இல் ஒரு கடையில் பிறந்ததாம். ஆழமான வட்டத் தட்டில் மாவைச் சுவரேற்றி, சீஸை அடியில் போட்டு, அதன்மேல் கீரையோ இறைச்சியோ, எல்லாவற்றுக்கும் மேலே தக்காளிக் குழம்பு. நெடுநேரம் வேகவேண்டியிருப்பதால் சீஸ் மேலே இருந்தால் கருகிவிடும் என்பதே தலைகீழ் அடுக்குக்குக் காரணம். சொன்ன பிறகு முக்கால் மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். வந்தது. முதல் துண்டைத் தாண்டுவதே கஷ்டமாக இருந்தது. உறைப்பு என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. செத்தல் மிளகாய்த் தூளைக் கொட்டித்தான் இரண்டாம் துண்டுக்குப் போனேன். மனைவி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இதை அவிக்கும் நேரத்தில் ஒரு குடும்பத்துக்குச் சோறும் மூன்று கறியும் ஆக்கலாம் என்றார்.

உள்ளூர் ஆட்கள் வீட்டில் வாங்கிச் சாப்பிடுவது மெல்லிய பீட்சாவை. வட்டமாகச் சுட்டுச் சதுரம் சதுரமாக வெட்டித் தருகிறார்கள். விளிம்பு மொறுமொறுவென்று இருக்கிறது. இதன்மேல் ஜார்டினேரா கேளுங்கள்: மிளகாய், கரட், பூக்கோவா, செலரி எல்லாம் எண்ணெயில் ஊறியது; நமது அச்சாறின் ஒன்றுவிட்ட சகோதரம். அந்தப் பயணத்தில் என் நாக்கு முதன்முதலாக விழித்த இடம் அது. ஒரு போத்தல் வாங்கி வைத்து மகள் வீட்டில் சோற்றோடும் சாப்பிட்டேன்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த ஊரின் புகழ்பெற்ற ஹொட் டோக் பெரும்பாலும் மாட்டிறைச்சி. குழம்பில் தோய்த்துத் தரும் இத்தாலியப் பாணும் அப்படித்தான். கேட்டுவிட்டு வாங்குங்கள். நான் ருசி பார்க்காததால் மதிப்பெண் போடமாட்டேன். கண்ணால் பார்த்ததைச் சொல்லலாம்: கசகசா தூவிய பாண், கடுகுச் சாந்து, வெங்காயம், பளிச்சென்ற பச்சைச் சம்பல், தக்காளிப்பழத் துண்டு, ஊறவைத்த வெள்ளரிக்காய், சின்ன மிளகாய், செலரி உப்பு. தக்காளி சோஸ் கேட்டால் கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார் என்று மருமகன் முன்கூட்டியே எச்சரித்தார்.

எனக்கு மிகப் பிடித்தது தள்ளுவண்டிச் சோளம். மெக்சிக்கோக்காரர் நிறைய வாழும் பில்சன் பகுதியில், ஒரு அம்மா அவித்த சோளப்பொத்தியை வெள்ளைச் சாந்தில் புரட்டி, சீஸ் தூள் உருட்டி, மிளகாய்த்தூள் தூவி, தேசிக்காய் பிழிந்து தந்தார். அடுத்ததற்கு வெள்ளைச் சாந்து வேண்டாம் என்று கையால் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே மிளகாய்த்தூளை இரட்டிப்பாகப் போட்டார். வவுனியாப் பக்கத்தில் வீதியோரம் அவித்து விற்பவர்கள் இந்தத் தேசிக்காய் வித்தையைக் கற்றுக்கொள்ளலாம், செலவில்லாத முன்னேற்றம்.

ஊர்ச் சாப்பாட்டு நினைவு வந்தால் டெவன் அவெனியூ. சிவப்புப் பாதை ரயிலில் லயோலாவில் இறங்கி 155ஆம் இலக்க பஸ் எடுக்கவேண்டும். தெருவின் ஒரு பகுதிக்குக் காந்தி பெயர், இன்னொரு பகுதிக்கு ஜின்னா பெயர். புடவைக்கடை, நகைக்கடை, இனிப்புக்கடை. நாங்கள் போன கடையில் தோசை முறுகலாக வந்தது, சாம்பாரில் சீனி போட்டிருந்தார்கள். சம்பலும் சொதியும் எதிர்பார்த்துப் போகவேண்டாம். மளிகைக்கடையில் முருங்கைக்காய் விலையைப் பார்த்த என் மனைவி, நமது வேலியில் தொங்குவதை எண்ணினால் நாம் கோடீஸ்வரர் என்றார்.

கார் இருந்தால் லெமொண்ட் இராமர் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போங்கள். மேட்டில் கட்டிய கோயில். விவேகானந்தருக்கு அங்கும் சிலை இருக்கிறது. நாங்கள் வாங்கிய புளியோதரையில் புளி இருந்தது, உறைப்பும் இருந்தது. அமெரிக்காவில் இதைவிட அதிகம் கேட்க முடியாது. போகும் வழியில் ஊருக்குப் பக்கத்தால் ஓடும் நேரான கால்வாயைக் கவனியுங்கள். திருப்பிவிட்ட ஆறு அதுதான். பாலத்தைக் கடக்கும்போது மெதுவாகப் போகும்படி மருமகனிடம் சொன்னேன். பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார்.

படகுக்குப் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல். மேல்தட்டில் பின்வரிசையில் இருங்கள். முன்வரிசையில் இருந்தால் பாதி நேரம் கழுத்தைத் திருப்பவேண்டும். ஏரிக்குள் போனதும் ஆடி வெயிலிலும் காற்று குளிரும். வயதானவர்கள் ஒரு சால்வையாவது கையில் வைத்திருங்கள். தொப்பியைக் கழற்றி மடியில் வையுங்கள்.