பச்சைத் தண்ணீருக்கு 3,000 ரூபாய்: லாரி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நாமக்கல் பக்கம் ஒற்றை லாரி வைத்து, நானே ஓட்டிப் பிழைப்பவன். பத்துச் சக்கர வண்டி, ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் போவேன். வரும்போது கிடைத்த லோடோடு திரும்புவேன். போன மாதம் இன்ஜினைப் பிரித்து ஆறு லைனரையும் (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளைக் குழாய்) மாற்றினேன். ஒன்றே முக்கால் லட்சம் போனது, வண்டி 19 நாள் நின்றது, டியூ கட்ட வீட்டு நகை அடகுக்குப் போனது. எட்டு மாதத்துக்கு முன்னால் கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம்) என்று சொல்லி என் தலையில் கட்டிய பச்சைத் தண்ணீர்தான் இத்தனைக்கும் காரணம்.

எஃப்.சி.க்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, வேலை பார்க்க ஒரு பட்டறையில் வண்டியை விட்டிருந்தேன். பட்டறையோடு சேர்ந்தே ஸ்பேர் கடையும் உண்டு. கம்பெனியில் ஊற்றி வந்த ஆரஞ்சு நிற கூலன்ட்டுக்கு ஐந்து வருடம் முடிந்திருந்தது. "பச்சையோ ஆரஞ்சோ கலர்தானுங்க வேற, உள்ள இருக்கறது ஒண்ணுதான். ரெடி மிக்ஸுங்க, தண்ணி கூட கலக்க வேண்டாம்" என்றார் கடைக்காரர். 20 லிட்டர் கேன் 1,500 ரூபாய். நல்ல கம்பெனிச் சரக்கில் பாதி விலைதான். இரண்டு கேன் எழுதிக்கொடுத்தார், அதுவும் எஸ்டிமேட் சீட்டில். கேனில் 50:50 (கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி) என்று பெரிதாகப் போட்டிருந்தது. பேட்ச் நம்பர் இல்லை, தயாரித்த தேதி இல்லை, இந்தியத் தரத்துக்கான ஐ.எஸ். எண்ணும் இல்லை. இதையெல்லாம் அன்றைக்குப் பார்க்காமல் விட்டேன்.

மாற்றும்போது பக்கத்தில் நிற்கவும் இல்லை. சாயங்காலம் போனால் வேலை முடிந்திருந்தது, இரண்டாவது கேனில் பெரும்பகுதி அப்படியே மிச்சம் இருந்தது. டாப்அப்புக்கு ஆகும் என்று கேபினில் எடுத்து வைத்துக்கொண்டேன். என் வண்டியின் கூலன்ட் கொள்ளளவு 30 லிட்டருக்குக் கிட்டே. உள்ளே போனது 22 லிட்டர்தான். மீதி இடத்தில் என்ன இருந்தது? ரேடியேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகை மட்டும் திறந்துவிட்டு, இன்ஜின் பிளாக்கில் இருக்கும் டிரெயின் பிளக்கை (அங்கே தங்குவதை வடிக்கும் அடைப்பு) தொடவே இல்லை. போர்வெல் தண்ணீரை ஓஸில் விட்டு அலசியிருக்கிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் பிளாக்குக்குள்ளேயே தங்கிவிட்டது. எவ்வளவு வெளியே வந்தது, எவ்வளவு உள்ளே போனது என்று அளந்து பார்த்திருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கலாம்.

நாலைந்து மாதம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் கூலன்ட் டேங்க்கில் அளவு குறைய ஆரம்பித்தது. ஓஸில் கசிவு இல்லை, வாட்டர் பம்ப்பிலும் இல்லை. கேபினில் இருந்த கேனிலிருந்தே ஊற்றிக்கொண்டு ஓடினேன். ஒரு நாள் லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது, "அண்ணா, ஹீட் முள்ளு ஏறுதுங்க" என்றான் கிளீனர் தம்பி. ஓரங்கட்டி, ஆறவிட்டு, மெதுவாக ஏற்றினேன். வழியில் ஒருவர் தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கு ஏற்ப ரேடியேட்டருக்குக் கூலன்ட்டை விடும் வால்வு) கழற்றிப் போட்டுவிட்டால் ஹீட்டே வராது என்றார். யாரும் அதைச் செய்யாதீர்கள். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் டீசல் குடிக்கும், தேய்மானமும் கூடும். கிருஷ்ணகிரியில் ஆயில் கேஜை இழுத்துப் பார்த்தால், பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தது ஆயில். தண்ணீர் ஆயிலில் இறங்கிவிட்டது.

இன்ஜினைப் பிரித்தவர் வேறொரு பட்டறை மேஸ்திரி. லைனரை உருவி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வெளிப்பக்கத்தில் ஒரே வரிசையாக அம்மைத் தழும்பு போலப் பள்ளங்கள். ஒரு பள்ளம் முழுசாக ஓட்டையாகி, அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது. வயிறு எரிந்தது எனக்கு.

ஏன் இப்படி ஆகிறது என்று அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நம் லாரிகளில் பலவற்றுக்கு வெட் லைனர், அதாவது லைனரின் வெளிச்சுவரைக் கூலன்ட் நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை டீசல் வெடிக்கும்போதும் பிஸ்டன் பக்கவாட்டில் இடிக்க, லைனர் மணி போல அதிரும். அந்த அதிர்வில் சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் குமிழிகள் உண்டாகி உடனே உடையும். உடையும்போது உளி போலக் கொத்தும். கனரக டீசலுக்கான கூலன்ட்டில் நைட்ரைட் அல்லது அதற்கு ஈடான மருந்து இருக்கும். அது சுவரில் மெல்லிய படலம் கட்டி அந்த அடியைத் தாங்கும். சாயம் போட்ட தண்ணீரில் அந்தப் படலம் எங்கிருந்து வரும்? போர் தண்ணீரின் உப்பு வேறு உள்ளே படிந்து, சூட்டை வெளியே விடாது.

கேனில் மிச்சமிருந்ததைச் சோதித்துப் பார்த்தோம். உண்மையான 50:50 கலவை மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 சுற்றித்தான் இருக்கும். ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி, இறுக்க மூடி, கவரில் சுற்றி, பாட்டிலில் "விஷம்" என்று எழுதி ராத்திரி வைத்தேன். காலையில் பச்சைக் கல்லாக இருந்தது. (நல்ல கூலன்ட்டை உறையவிடாமல் வைக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகள், நாய் பூனை பக்கம் போகவிடாதீர்கள். சாப்பாட்டுச் சாமான் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தப் பாட்டிலைத் திரும்பப் புழங்காதீர்கள்.) மேஸ்திரியின் ரிஃப்ராக்டோமீட்டரும் (ஒரு சொட்டு விட்டு கிளைக்கால் அளவைப் பார்க்கும் கருவி) கிளைக்கால் இல்லை என்றே காட்டியது. ஆயிரம் ரூபாய் சுற்றிக் கிடைக்கும் கருவி அது. நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.

இனி நான் நிறத்தை நம்புவதில்லை. நிறத்துக்கு எந்தச் சட்டதிட்டமும் கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் கையேட்டில் எந்தத் தரம் கேட்டிருக்கிறது என்று பார்த்து, அதே எண் கேனில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். ஐ.எஸ். 5759 என்பது கூலன்ட்டுக்கான நம் நாட்டுத் தரம். ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தரத்தில் டி6210 என்று போட்டிருந்தால் கனரக டீசலுக்கானது. டி3306 மட்டும் போட்டிருந்தால் அது கார் போன்ற சின்ன வண்டிகளுக்கு. தண்ணீர் கலக்காத அடர் கூலன்ட் வாங்கினால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில்தான் கலக்க வேண்டும். ஆரஞ்சு இருந்த இடத்தில் வேறு வகை ஊற்றுவதானால், பிளாக் பிளக்கையும் திறந்து முழுக்க வடித்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசிய பிறகுதான். இரண்டு வகை கலந்தால் மருந்தின் ஆயுள் குறையும், சில சமயம் கஞ்சி போலத் திரளும்.

லைனரைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "எல்லாரும் இதைத்தானுங்க ஊத்தறாங்க, உங்க வண்டிக்கு மட்டும் என்ன வந்துச்சு" என்றார். எஸ்டிமேட் சீட்டைக் காட்டினேன், அது பில்லே இல்லை என்றார். பில் தராதவரும் அவரேதான். நல்லவேளை, பணத்தை போனில் அனுப்பியிருந்தேன், அந்தப் பதிவு இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். லாரி தொழிலுக்கு வாங்கியதுதானே, நுகர்வோர் ஆக முடியாது என்று சிலர் சொன்னார்கள். தானே உழைத்துப் பிழைக்க மட்டும் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

கடைப் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் பேட்ச் நம்பர் இல்லாத பச்சைக் கேனை இந்த வருடம் நாமக்கல் பக்கம் யாராவது வாங்கியிருந்தால், இன்று ராத்திரியே கொஞ்சம் ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். காலையில் கல்லாக இருந்தால் வண்டியைக் கணவாய் ஏற்றாதீர்கள், எனக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.