இஞ்சும் மில்லிமீட்டரும் சேர்ந்த 5 மீட்டர் டேப்: ஒரு மதிப்பீடு

மர வேலைக்கென்று டேப் வாங்குபவர்கள் உறையின் உறுதியைச் சோதிப்பதற்கு முன், மேல் விளிம்பின் அங்குலக் கோடுகளும் கீழ் விளிம்பின் மில்லிமீட்டர் கோடுகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். ஓர் அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மி.மீ. ஆதலால், 5 அங்குலக் கோட்டுக்கு நேர் கீழே 127, 50 அங்குலத்துக்குக் கீழே 1270, 150 அங்குலத்துக்குக் கீழே 3810 என்று கோடுகள் நிற்க வேண்டும். நான் வாங்கிய எஃகு டேப்பில் இவை எங்கும் விலகவில்லை.

இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டாலும், மரக்கடையில் இன்றும் இரண்டு முறைகளும் கலந்தே புழங்குகின்றன. பிளைவுட் பலகையின் நீள அகலத்தை எட்டுக்கு நாலு அடி என்றும் அதன் கனத்தை 18 மி.மீ. என்றும் ஒரே மூச்சில் சொல்வார்கள்; தச்சரோ அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கான நூலைக் கொண்டு கணக்கிடுவார். ஒரு நூல் 3.175 மி.மீ.; அதை 3 என்று கொண்டால் ஆறு நூலில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் குறைந்துவிடும். அடியை 30 செ.மீ. என்று கொள்பவருக்கு எட்டடியில் ஏற்படும் இழப்பு 38.4 மி.மீ.; ஒரு கதவு பொருந்தாமல் போக அது தாராளமாகப் போதும். இதைவிட நுட்பமான சிக்கல், இழுப்பறை நகர்ந்து ஓடும் உலோகத் தடமான டிராயர் சேனலில் இருக்கிறது. கடையில் 18 இஞ்ச் என்று கேட்டு வாங்கும் சேனல் பெரும்பாலும் 450 மி.மீ. நீளமே இருக்கும், உண்மையான 18 அங்குலம் 457.2 மி.மீ. ஆகையால், பெயரை நம்பி இழுப்பறையை அறுப்பவருக்கு இரண்டு நூலுக்கு மேல் வேறுபாடு வரும். அத்தகைய இடத்தில் மனக்கணக்குப் போடாமல், சேனலின் மீதே டேப்பை வைத்துக் கீழ் விளிம்பைப் படித்துவிடலாம் என்பதே இரட்டை அளவு டேப்பின் பெரிய பயன்.

இந்த டேப்பில் அரை நூல் வரை கோடுகள் உள்ளன. நூல் கோடுகள் சற்று நீண்டிருப்பதால், மங்கலான வெளிச்சத்திலும் எண்ணிவிட முடிகிறது. அடி எண்கள் மட்டும் மிகச் சிறியவையாக இருப்பது உண்மையான குறை. அங்குல எண்கள் தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதால், 7 அடி 5 அங்குலத்தைக் குறிக்க 89-ஐத் தேட வேண்டியிருக்கிறது. அடிக்கணக்கிலேயே பழகிய தச்சருக்கு இது எரிச்சலைத் தரும்.

நுனிக் கொக்கி சிறிது ஆடுவதைப் பழுதென்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். உள்ளளவையும் வெளியளவையும் ஒரே போலக் காட்டுவதற்காக, அது தன் கனத்தின் அளவுக்கு நகரும்படியே பொருத்தப்படுகிறது. நாடாவின் தொடக்கத்தில் இரண்டாம் துல்லிய வகுப்பின் ரோமன் எண் முத்திரை இருக்கிறது. அவ்வகுப்பில் முழு 5 மீட்டருக்கு 1.3 மி.மீ. வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. அலமாரிக்கும் கதவுக்கும் அது தாராளம். கண்ணாடிக்கு அளவு கொடுக்கும்போது மட்டும், அளந்த டேப்பாலேயே வெட்டவும் சொல்லுங்கள்.