சேலத்திலிருந்து நாலு நாள்: தஞ்சைப் பக்கமா, பேலூர் பக்கமா?

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் சிங்கத்தின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை இருக்கும். விரலை விட்டால் உருளும், வெளியே மட்டும் வராது. அதே கோயிலில் ஒரு தூணில் ராமர் வில்லோடு நிற்பார். அங்கிருந்து பார்த்தால் இன்னொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் கட்டிப் புரள்வது தெரியும். வாலியின் தூணுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் ராமர் மறைந்துவிடுவார். அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் காலத்து வேலை. இதை என் மகளுக்குக் காட்டிய அன்றுதான் அவள் கேட்டாள்: "இதை விட நல்லா எங்கப்பா இருக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இரண்டு பயணம் போனோம். ஒரு வருஷம் ஜூலையில் கர்நாடகத்தில் ஹொய்சள மன்னர்கள் காலத்துக் கோயில்கள்: சோமநாதபுரம், பேலூர், ஹளேபீடு. அடுத்த வருஷம் தை மாதம் சோழநாடு: தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். இரண்டும் நாலு நாள், இரண்டும் வாடகைக் கார். போனவர்கள் நான், மனைவி, ப்ளஸ் ஒன் படிக்கும் மகள், எழுபத்திரண்டு வயதில் மூட்டு வலியோடு அம்மா. சேலத்தில் தெரிந்தவர்கள் பலர் இப்போது "எந்தப் பக்கம் போகலாம்?" என்று கேட்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் தஞ்சைப் பக்கம் போங்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

தூரக் கணக்கு சுலபம். நாமக்கல், முசிறி, திருச்சி வழியாகத் தஞ்சாவூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். பெங்களூரு போகவே அவ்வளவு ஆகிவிடும், அதற்கு மேல் பேலூருக்கு இன்னும் 220. நாங்கள் மேட்டூர், மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாகப் போனோம். காடும் மலையுமாக அருமையான வழிதான், ஆனால் வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. சாப்பாடு இரண்டு பக்கமும் நன்றாகவே இருக்கும். கர்நாடகம் போவதென்றால் வண்டிக்கு அகில இந்திய பர்மிட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹொய்சளர் செதுக்கியது மாக்கல். வெட்டி எடுக்கும்போது மிருதுவாக இருந்து, காற்றுப் பட்டுப் பட்டு இறுகும் கல் அது. அதனால்தான் பேலூரில் மதனிகைகள் என்னும் பெண் சிற்பங்களின் கையிலிருக்கும் கண்ணாடியும், காதணியின் மணியும், விரலின் நகமும்கூடத் தெரிகின்றன. ஹளேபீட்டில் சுவரின் கீழ்ப்பகுதி வரிசை வரிசையாக ஓடும்: யானை, அதற்கு மேல் சிங்கம், பூங்கொடி, குதிரை, அப்புறம் ராமாயண மகாபாரதக் கதைகள். 1258-ல் எழுந்த சோமநாதபுரத்தில் சிற்பிகள் தங்கள் பெயரையே சிலைக்கடியில் வெட்டி வைத்திருக்கிறார்கள், மல்லிதம்மா என்ற பெயர் திரும்பத் திரும்ப வரும். 2023-ல் இந்த மூன்று கோயில்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின. நுணுக்கம் என்று மட்டும் பார்த்தால் ஹொய்சளர் பக்கம்தான் தட்டு தாழும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சோழர் கையில் இருந்தது கருங்கல். அதில் நகம் செதுக்குவது சுலபமில்லை. ஆனால் 1010-ல் தஞ்சையில் ராஜராஜன் அந்தக் கல்லை 200 அடிக்கு மேல் தூக்கி நிறுத்தினான். இரண்டு வம்சத்துக்கும் போட்டியும் உண்டு. 1116-ல் மைசூர்ப் பக்கத்துத் தலைக்காட்டைச் சோழரிடமிருந்து பிடித்த ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன், அடுத்த வருஷமே பேலூர்க் கோயிலை எழுப்பினான். நூறு வருஷம் கழித்து அதே ஹொய்சளர் காவிரிக் கரைக்கே வந்து, சமயபுரத்தை ஒட்டிய கண்ணனூரில் தங்கி, அங்கேயும் ஒரு சிவன் கோயில் கட்டினார்கள். இன்று போஜீஸ்வரர் கோயில் என்கிறார்கள். சமயபுரம் மாரியம்மனைக் கும்பிடப் போகும் சேலத்துக்காரர்களில் எத்தனை பேர் அதையும் எட்டிப் பார்த்திருப்பார்கள்!

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உச்சிப் பொழுது.

சோழநாட்டுக் கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சுற்றுலா போகிற எல்லோரும் குறை சொல்வது இதைத்தான். ஹொய்சளர் பக்கம் அந்தத் தொல்லை இல்லை. பேலூர்ப் பெருமாளுக்கு மட்டும் மதியம் கொஞ்ச நேரம் நடை சாத்துவார்கள். ஹளேபீடும் சோமநாதபுரமும் காலை முதல் மாலை வரை திறந்தே இருக்கும். அதனால் ஒரு நாளில் அதிகம் பார்க்கலாம் என்று நானும் கணக்குப் போட்டுத்தான் முதலில் அந்தப் பக்கம் கிளம்பினேன்.

கணக்கு சரி, பயணம் சரியில்லை. கோயில் மூடவில்லை என்றால் நாமும் நிற்பதில்லை. முதல் நாள் சோமநாதபுரம் பார்த்து மைசூரில் தங்கினோம். இரண்டாம் நாள் குன்றின் மேல் கோமதீஸ்வரர் சிலை நிற்கும் சிரவணபெளகொளா, ராத்திரி ஹாசன். மூன்றாம் நாள் பேலூரும் ஹளேபீடும். தினம் ஒரு லாட்ஜ், தினம் பெட்டி கட்டுவது, தினம் நூறு கிலோமீட்டருக்குக் குறையாத ஓட்டம். சிரவணபெளகொளாவில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகள், செருப்பில்லாமல் ஏற வேண்டும். டோலி இருந்தது, அம்மா ஏற மறுத்துவிட்டார். "நாலு பேர் தோள்ல நான் ஏன் கண்ணு போகணும்?" என்று கீழேயே ஒரு கடைப் பலகையில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மதியம் ஒரு மணிக்கு ஹளேபீடு. தூறலில் கல் வழுக்கியது. எண்ணூற்றுச் சொச்சம் வருஷத்து வேலை கண்ணெதிரே இருக்க, அம்மா நந்தி மண்டபத்தில் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கணுக்கால் இரண்டும் வீங்கி, கொலுசு அணிந்த தடம் போல் புடவைக் கரை பதிந்திருந்தது. அவரை அங்கே உட்கார வைத்துவிட்டு நாங்கள் சுவரைச் சுற்றி வந்தோம். எனக்குச் சிற்பத்தில் மனம் நிற்கவில்லை.

தஞ்சைப் பயணத்தில் இதே அம்மாதான் எங்களை அவசரப்படுத்தினார். காரணம் அந்த நாலு மணி நேரம். பதினொன்றரைக்கு எந்தக் கோயிலில் இருந்தாலும் கிளம்ப வேண்டும், வேறு வழி கிடையாது. ரூமுக்கு வந்து, இலைச் சாப்பாடு சாப்பிட்டு, ஃபேனுக்கடியில் படுத்தால் மூன்றரைக்கு எழுந்திருக்கலாம். பித்தளை டபராவில் ஒரு காபி. நாலு மணிக்குக் கோயில் திறக்கும்போது ஆள் புதிதாக இருப்பார். கல்லும் அப்போதுதான் ஆறத் தொடங்கும். பத்து மணிக்கு மேல் தஞ்சைப் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தையிலேயே சுடும். சித்திரை வைகாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இது நடக்க ஒரு நிபந்தனை இருக்கிறது. மூன்று ராத்திரியும் ஒரே ஊரில் தங்க வேண்டும், அந்த ஊர் கும்பகோணமாக இருக்க வேண்டும். தாராசுரம் ஊரை ஒட்டியே இருக்கிறது, திருபுவனமும் பக்கம். தஞ்சாவூர் 40 கிலோமீட்டர், கங்கைகொண்ட சோழபுரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். தஞ்சாவூரில் தங்கினால் பெரிய கோயில் பக்கம், மற்றதெல்லாம் தூரம்.

நேரம் தவறினால் இதே நடை சாத்தல் பயணத்தைக் கெடுத்தும் விடும். பல வருஷம் முன்பு ஒரு பேக்கேஜ் பஸ்ஸில் போனபோது ஒரே நாளில் ஏழு கோயில் என்றார்கள். டிபனுக்கு நிறுத்தி, பாத்திரக் கடைக்கு நிறுத்தி, தாராசுரம் வாசலுக்குப் போனபோது மணி பன்னிரண்டே கால். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு எல்லோரும் பஸ் ஏறினோம். நாலு மணி வரை காத்திருக்க அந்தப் பட்டியலில் இடமில்லை. அதனால் தஞ்சைப் பக்கம் பேக்கேஜில் போகாதீர்கள் என்றே சொல்வேன். நம் வண்டி, நம் நேரம்.

நாங்கள் போன விதம் இது. முதல் நாள் காலை ஐந்துக்குச் சேலத்தில் கிளம்பி, நாமக்கல்லில் டிபன். முசிறிக்கு முன்னால் காவிரியை ஒட்டி ஸ்ரீநிவாசநல்லூர் குரங்கநாதர் கோயில். முற்காலச் சோழர் கோயில், வழிபாடு இல்லை, கூட்டமும் இல்லை. அரை மணி நேரம் போதும், ஆனால் தவற விடாதீர்கள். ஒரு மணிக்குக் கும்பகோணம். தூங்கி எழுந்து சாயங்காலம் தாராசுரம்.

தாராசுரத்துக்கு இரண்டாம் ராஜராஜனின் காலம் போதவில்லையோ என்று தோன்றும், அவ்வளவு சின்னச் சின்ன வேலை. மண்டபத்தையே தேராக்கிச் சக்கரமும் குதிரையும் பூட்டியிருக்கிறார்கள். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தில் மகள் ஒரு பக்க உடலைக் கையால் மறைத்து, மறுபடி மாற்றி மறைத்து, பத்து நிமிஷம் நின்றாள். கருவறைச் சுவரின் அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சாண் உயரச் சதுரங்களில் வரிசையாக வரும். அம்மாவுக்குப் பெரிய புராணக் கதைகள் மனப்பாடம். கண்ணப்பரைக் கண்டுபிடித்தார், முதலை வாயிலிருந்து பிள்ளை வருவதைக் கண்டுபிடித்தார். கைடு தேவைப்படவில்லை, குனிந்து குனிந்து அம்மாவே எங்களுக்குச் சொன்னார். மூட்டு வலிக்காரர் குனிந்ததைப் பார்த்து என் மனைவி என்னைப் பார்த்தாள். மதியத் தூக்கம் செய்த வேலை அது.

இரண்டாம் நாள் காலை கும்பகோணத்திலேயே நாகேஸ்வரன் கோயில், பிறகு திருபுவனம். மூன்று மணிக்கு வண்டி எடுத்தால் நாலேகாலுக்குத் தஞ்சாவூர். மேற்கு வெயில் விமானத்தின் பின்பக்கத்தில் விழுந்து கல் மஞ்சளாக மாறும் நேரம் அது, எதிரே பிராகாரத்தைச் சுற்றி ஓடும் தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையில் நிழல். அம்மாவை அங்கே உட்கார வைத்தோம், எழுந்து எழுந்து வந்தார். அடித்தளம் முழுக்க எழுத்து. நாம் கொடுத்தவை, அக்கன் கொடுத்தவை, பெண்டுகள் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன ராஜராஜனின் கோயில். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்குத் தெருவும் வீடும் பேரும் உண்டு. மகள் விரலை வைத்து ட, ப, ம என்று எழுத்துக் கூட்டினாள். ஆயிரம் வருஷத்து ட-வும் அவள் நோட்டில் எழுதும் ட-வும் ஒன்றாக இருந்ததில் அவளுக்கு உண்டான சந்தோஷத்தை ஹளேபீட்டில் நான் பார்க்கவில்லை. அங்கே எழுத்து கன்னடம், எங்களுக்குப் படிக்கத் தெரியாது. கன்னடம் தெரிந்தவர்களுக்கு இதே சந்தோஷம் அங்கே கிடைக்கும்.

மூன்றாம் நாள் மறுபடி தஞ்சாவூர், காலை ஆறரைக்கே. ஒரே கோயிலை இரண்டு முறையா என்று டிரைவருக்கு ஆச்சரியம். காலையில் அது வேறு கோயில். வழியில் புள்ளமங்கையில் உள்ளங்கை அளவு ராமாயணச் சிற்பங்கள் இருக்கின்றன. நாலாம் நாள் ரூமைக் காலி செய்துவிட்டுக் கங்கைகொண்ட சோழபுரம். வடக்கு வாசலில் சிவன் சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றிக்கொண்டிருக்கும் சிற்பம் ஒன்று போதும், ராஜேந்திரன் அப்பனுக்குச் சளைத்தவன் இல்லை. பத்தரைக்குக் கிளம்பி, அரியலூர், பெரம்பலூர், ஆத்தூர் வழியாக மூன்றரைக்குச் சேலம் சேர்ந்தோம்.

ஹொய்சளர் பக்கத்தை நான் ஒரே ஒரு முறை, அதுவும் மழைக்காலத்தில்தான் பார்த்தேன். தஞ்சைக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். ஆகவே என் தராசு கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். ஹாசனில் மூன்று ராத்திரி தங்கி, சிரவணபெளகொளாவை விட்டுவிட்டு, பேலூருக்கு ஒரு நாள், ஹளேபீட்டுக்கு ஒரு நாள் என்று நிதானமாகப் போனால் அம்மாவுக்கும் பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன். நல்ல கால் இருப்பவர்கள், கேமரா தூக்குபவர்கள், கோடையில் மட்டுமே லீவு கிடைப்பவர்கள் எல்லோரும் அந்தப் பக்கமே போகலாம். மே மாதத்தில் தஞ்சைக் கல்லில் கால் வைப்பதை விட அது எவ்வளவோ மேல்.

மகளின் ஓட்டு இன்னும் ஹளேபீட்டுக்குத்தான். வரும் டிசம்பரில் தன் அம்மாவோடும் சித்தியோடும் அங்கே போகப்போகிறாள். அதே வாரம் நானும் என் அம்மாவும் கும்பகோணத்தில் இருப்போம். தரைத்தளத்தில் ரூம் கேட்டு போன் பண்ணியாயிற்று.